அயர்லாந்துக் கிராமங்களில் அக்காள் தங்கையர் பேசிக்கொள்ளும் வீட்டுச் சேதி

மேற்குக்கரை எழுதியது:

அயர்லாந்தின் நாட்டுப்புறத்தில் ஒரு குடும்பத்தைக் கட்டிக்காப்பது எது என்று கேட்டால், நிலம், கோவில், கேலிக் விளையாட்டு என்று மூன்றைச் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். நான்காவதாக ஒன்று உண்டு என்பது இங்கே மேற்கு அயர்லாந்தின் மேயோவில் குடியிருந்து நான் கண்டுகொண்டது. வேறு வேறு ஊர்களில் வாழ்க்கைப்பட்ட உடன்பிறந்த பெண்கள் நாள்தோறும் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் வீட்டுச் சேதியே அது. அதற்கு உரிய மதிப்பு கிடைக்கவில்லை என்ற எண்ணத்தில் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

எங்கள் பக்கத்துப் பண்ணையில் இருக்கும் அம்மையார் எழுபதைக் கடந்தவர். அவருடைய தங்கை இன்னொரு பங்கில் (ஒரு கோவிலுக்கு உட்பட்ட வட்டாரம்) இருக்கிறார். காரில் போனால் அரை மணி நேரம் ஆகும். பிறந்த வீட்டு நிலம் அவர்களுடைய சகோதரரிடம் உள்ளது. அவர் மணம் செய்துகொள்ளாதவர். தனியாகவே மாடுகளைப் பார்த்துக்கொள்கிறார். மாலையில் மாட்டுக் கொட்டில் வேலை முடிந்து, தேநீர்க் கெண்டியை அடுப்பின் ஓரத்தில் வைத்த பிறகு, அக்காளும் தங்கையும் தொலைபேசியில் பேசத் தொடங்குவார்கள். அந்தப் பேச்சுக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. முதலில் சாவுச் சேதி வரும். உள்ளூர் வானொலியான மிட்வெஸ்ட் ரேடியோ நாள்தோறும் வாசிக்கும் இறப்பு அறிவிப்புகளில் யார் பெயர் வந்தது, அவர் எந்த டவுன்லேண்டை, அதாவது எந்தச் சிறு நிலப்பிரிவைச் சேர்ந்தவர், யார் வீட்டில் பெண் எடுத்தவர், அடக்கம் என்றைக்கு என்று அலசி முடித்த பிறகே மற்றவற்றுக்கு இடம். அடுத்தது காஸல்பார் மருத்துவமனையில் யார் இருக்கிறார்கள் என்பது. அதன்பின் கால்நடைகள்: எந்தப் பசு கன்று ஈன்றது, எதற்கு இன்னும் நாள் இருக்கிறது, சைலேஜ் (பதப்படுத்திச் சேமிக்கும் புல் தீவனம்) வெட்ட ஆள் வந்தாரா, மழை விடுமா. கடைசியில், போகிற போக்கில் சொல்வது போல, தன் சொந்த முழங்கால் வலியைச் சொல்வார்.

கேட்பவருக்கு இது வெட்டிப் பேச்சாகத் தோன்றலாம். உண்மையில் அந்த வீட்டின் வேலைப் பங்கீடு முழுவதும் அங்கேதான் நடக்கிறது. சகோதரர் மாத்திரையை ஒழுங்காக எடுத்துக்கொள்கிறாரா, வியாழக்கிழமை அவரை மருத்துவரிடம் யார் அழைத்துப் போவது, இந்த ஆண்டு அவர் வீட்டில் ஸ்டேஷன்ஸ் திருப்பலி முறை வருகிறதே, சுவருக்கு வண்ணம் பூசுவது யார், பங்குத்தந்தைக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் காலைச் சிற்றுண்டி சமைப்பது யார் என்று எல்லாமே அந்தப் பேச்சின் நடுவில் முடிவாகின்றன. (வீடு வீடாக முறை வைத்துத் திருப்பலி நடத்தும் வழக்கம், கத்தோலிக்க வழிபாடு ஒடுக்கப்பட்டிருந்த காலத்திலிருந்து வருவது. முறை வந்த வீட்டில் கல்யாண வீட்டைப் போல் வேலை நடக்கும்.) சகோதரரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை; அவருக்கு முடிவு மட்டும் தெரிவிக்கப்படுகிறது.

இந்த வழக்கம் எப்போது, எதனால் வேர்விட்டது? இதன் பாரம் யார் தலையில் விழுகிறது? அயர்லாந்தில் இருப்பவர்களும் அந்நாட்டு வரலாறு படித்தவர்களும் எழுதினால் மகிழ்வேன்.

ஏடுபுரட்டி எழுதியது:

நல்ல இழை. தொலைபேசிக்கு முன்பு கடிதம் இருந்தது. கடிதத்துக்குக் காரணம் நிலம். ஆகவே நிலத்திலிருந்து தொடங்குகிறேன்.

1845இல் தொடங்கி 1852 வரை நீண்ட பெரும் பஞ்சத்தில் ஏறத்தாழப் பத்து லட்சம் பேர் மாண்டார்கள். அதே அளவினர் நாட்டை விட்டு வெளியேறினார்கள். அதற்கு முன்பு பிள்ளைகளுக்குள் துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்ட நிலம், பஞ்சத்துக்குப் பிறகு பெரும்பாலும் பிரிக்கப்படாமல் ஒரே மகனுக்குப் போகத் தொடங்கியது. அந்த மகனுக்கு மணம் பேசும்போது மருமகள் கொண்டு வரும் சீதனப் பணம் அவளிடமோ அவள் கணவனிடமோ தங்குவதில்லை. பெரும்பாலும் அதே பணம் கணவனுடைய தங்கை ஒருத்திக்குச் சீதனமாகி அடுத்த வீட்டுக்குப் போகும். ஒரு வீட்டில் ஒரு பெண்ணுக்குத்தான் அப்படிச் சீதனம் கிடைக்கும். மற்றப் பெண்களுக்கு மூன்று வழிகள் இருந்தன: கன்னியர் மடம், அண்ணன் வீட்டில் சம்பளமில்லாத வேலை, அல்லது கப்பல்.

ஐரோப்பாவின் பிற நாடுகளிலிருந்து அமெரிக்காவுக்குப் போனவர்களில் ஆண்களே மிகுதி. அயர்லாந்திலிருந்து போனவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் பெண்கள். அவர்களில் பெரும்பாலோர் மணமாகாத இளம்பெண்கள். பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் பணக்கார வீடுகளில் சமையலுக்கும் எடுபிடி வேலைக்கும் சேர்ந்தார்கள். தங்க இடமும் சாப்பாடும் அங்கேயே கிடைத்ததால் சம்பளத்தில் பெரும்பகுதியை மிச்சப்படுத்த முடிந்தது. மூத்தவள் முதலில் போவாள். ஓரிரு ஆண்டுகளில் அடுத்தவளுக்குக் கப்பல் சீட்டை அங்கிருந்தே பணம் கட்டி அனுப்புவாள். அவள் போய்ச் சம்பாதித்து மூன்றாமவளை அழைத்துக்கொள்வாள். இன்று கோவ் என்று வழங்கும் குயீன்ஸ்டவுன் துறைமுகத்தில் பெட்டியோடு நின்ற பெண்களில் மிகப் பலருக்குச் சீட்டு அப்படித்தான் கிடைத்தது.

ஆகவே வீட்டிலிருந்து போன கடிதத்தில் பசு கன்று ஈன்றதையும் உருளைக்கிழங்கு விளைச்சலையும் எழுதினார்கள் என்றால், அது பொழுதுபோக்காக எழுதியது அல்ல. விளைச்சல் பொய்த்தது என்றால் வாடகைக்குப் பணம் வேண்டும் என்று பொருள். தங்கை வளர்ந்துவிட்டாள் என்றால் சீட்டு எடுக்கும் நேரம் வந்துவிட்டது என்று பொருள். அமெரிக்காவிலிருந்து கிறிஸ்துமசுக்கு வரும் கடிதத்தில் டாலர் இருக்கும். கடைக்காரர் கடனும் நில வாடகையும் அதில் அடைந்தன. பிற்காலத்தில் துணிமணி மூட்டைகளும் வந்தன.

இன்னொரு காரணத்தையும் சொல்ல வேண்டும். இதை வரலாற்றில் அடிக்கடி விட்டுவிடுகிறார்கள். வெண்ணெய் கடைவது அந்நாட்டு விவசாய வீடுகளில் பெண்களின் வேலை. அதில் கிடைத்த காசும் பெரும்பாலும் அவர்கள் கையில் இருந்தது. 1889இல் லிமெரிக் பகுதியின் ட்ரம்கொல்லகரில் முதல் கூட்டுறவுப் பாலகம் (ஊர்ப் பாலை வாங்கி வெண்ணெய் எடுக்கும் ஆலை) திறக்கப்பட்டது. ஹோரஸ் பிளங்கெட் தொடங்கி வைத்த இந்த இயக்கம் விரைவாகப் பரவியது. உழவர்களுக்கு அதனால் நல்ல விலை கிடைத்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன்பின் பால் விடியற்காலையில் வண்டியேறிப் பாலகத்துக்குப் போனது. வண்டியை ஓட்டியவர் ஆண். பணமும் ஆணின் கைக்கு வந்தது. வீட்டில் மத்து ஓய்ந்தது. பெண்ணின் கையில் மிஞ்சியது கோழி முட்டைக் காசு மட்டுமே. நான்கு பெண்கள் இருந்த வீட்டில் மூன்று பேருக்கு வீட்டுக்குள் வருமானம் தரும் வேலை இல்லாமல் போனது. அக்காளின் கடிதம் அந்த நேரத்தில் வந்தால் எவள்தான் போகமாட்டாள்?

மேற்குக்கரை இருக்கும் மேயோவிலேயே இதற்கு ஒரு துயரமான சான்று உண்டு. அடர்கூல் பங்கைச் சேர்ந்த 14 பேர் 1912 ஏப்ரல் 11 அன்று குயீன்ஸ்டவுனில் டைட்டானிக் கப்பலில் ஏறினார்கள். ஏற்கெனவே அமெரிக்காவில் வேலை பார்த்து ஊர் வந்திருந்தவர்களோடு, அவர்கள் சொல்லக் கேட்டுப் புறப்பட்ட உறவினரும் ஊராரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். 11 பேர் மாண்டார்கள். பிழைத்த மூவரும் பெண்கள். அந்தப் பங்கின் லஹர்டான் கிராமத்தில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 அதிகாலையில் அவர்களுக்காக மணி அடிக்கிறார்கள்.

கலங்கரை எழுதியது:

ஏடுபுரட்டி அவர்கள் சொன்னவை அனைத்தையும் ஏற்கிறேன். ஆனாலும் ஒரு மறுப்பு இருக்கிறது. சற்று அழுத்தமாகவே சொல்கிறேன்.

கடிதம் வீட்டில் உரக்க வாசிக்கப்பட்டது. அப்பா கேட்பார், அக்கம்பக்கத்தார் கேட்பார்கள், எழுதப் படிக்கத் தெரியாத வீட்டில் பள்ளி ஆசிரியரோ பங்குத்தந்தையோ வாசித்துக் காட்டுவார். அப்படிப்பட்ட கடிதத்தில் தன் எசமானி திட்டியதையோ, தனக்கு உடம்பு சரியில்லாததையோ, கருவுற்றதையோ எந்தப் பெண் எழுதுவாள்? எழுதப்பட்டதை மட்டும் வைத்துக்கொண்டு அக்காள் தங்கையர் உறவை அளந்தால் பாதிதான் கிடைக்கும். மடத்துக்குப் போன சகோதரிகளை நினைத்துப் பாருங்கள். 1960களில் நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு முன்பு பல மடங்களில் கன்னியரின் கடிதங்களைத் தலைவி படித்த பிறகே அனுப்புவார்கள். பெற்றோரின் அடக்கத்துக்குக்கூட வீட்டுக்கு வர அனுமதி கிடைக்காது. அவர்கள் வீட்டுக்கு எழுதியதில் வானிலையும் வேண்டுதலும் தவிர வேறென்ன இருந்திருக்க முடியும்?

இரண்டாவது, போனவளைப் பற்றியே பேசுகிறோம். இருந்தவள் என்ன ஆனாள்? சீதனம் கிடைக்காமலும் கப்பல் ஏறாமலும் வீட்டோடு தங்கிய பெண், அப்பா அம்மாவைக் கடைசி வரை பார்த்துக்கொண்டாள். நிலம் அண்ணனுக்குப் போனது. அண்ணன் மனைவி வந்த நாளிலிருந்து அவள் நாத்தனார். அதே அடுப்பங்கரையில் ஓர் ஓரம்தான் அவளுக்கு. பெற்றோரின் உயிலில் அவளுக்கு ஓர் அறையும் அடுப்படியில் ஓர் இடமும் எழுதி வைக்கும் வழக்கம்கூட இருந்தது. அமெரிக்கத் தங்கை அனுப்பிய டாலரில் இவளுக்கு ஒரு சட்டை வாங்கினார்களா என்பது எந்தக் கடிதத்திலும் இராது. சேதி அனுப்பும் உழைப்பைப் புகழும்போது, அந்த உழைப்பு ஒருத்தியிடமிருந்து கேட்காமலே வாங்கப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும்.

மேற்குக்கரை எழுதியது:

கலங்கரை அவர்களின் இரண்டாவது கருத்துக்கு மறுப்பே இல்லை. அதற்குச் சான்று என் பக்கத்து வீட்டிலேயே இருக்கிறது.

மூத்தவரைப் பதினான்கு வயதில் பள்ளியிலிருந்து நிறுத்தினார்கள். படுக்கையில் கிடந்த பாட்டியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்; உயர்நிலைப் பள்ளிக்குக் கட்டணமும் கட்ட வேண்டும். 1966 செப்டம்பரில் கல்வி அமைச்சர் டோனோ ஓமாலி கட்டணமில்லா உயர்நிலைக் கல்வியை அறிவித்தார். 1967இல் அது நடைமுறைக்கு வந்தது. பள்ளிப் பேருந்தும் வந்தது. இளையவர் அந்தப் பேருந்தில் ஏறிப் படித்து ஆசிரியை ஆனார். சில ஆண்டு வித்தியாசத்தில் ஒரே வீட்டுப் பெண்கள் இருவருக்கு இரண்டு வாழ்க்கை அமைந்தது. மூத்தவர் இதைக் குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் இளையவர், இன்றும் அரசு அலுவலகப் படிவம் எதுவானாலும் காரை எடுத்துக்கொண்டு வந்து அக்காளின் மேசையில் உட்கார்ந்து தானே நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போகிறார். பசுக்களுக்கு அடையாளப் பட்டை போடுவது முதல் ஓய்வூதியம் வரை எந்தத் தாளையும் மூத்தவர் தனியாகப் பார்க்க வேண்டிய நிலை வந்ததில்லை. அந்த மேசையில் நடப்பது கடன் தீர்ப்பது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

மின்கம்பம் எழுதியது:

மின்துறையில் வேலை பார்த்தவன் என்பதால் இந்த இழையில் எனக்கும் ஒரு பங்கு உண்டு.

அயர்லாந்தில் ஷானன் ஆற்று நீர்மின் நிலையம் 1929இல் ஓடத் தொடங்கினாலும் வெளிச்சம் நகரங்களோடு நின்றுவிட்டது. கிராம மின்மயத் திட்டத்தின் முதல் கம்பம் 1946 நவம்பரில் டப்ளின் வட்டாரத்துக் கில்சல்லகனில் நடப்பட்டது. அதன்பின் ஒவ்வொரு பங்காக, முப்பது ஆண்டு நடந்த வேலை அது. இணைப்பு வேண்டாம் என்ற வீடுகள் ஏராளம். வீட்டின் பரப்பளவை வைத்து நிலையான கட்டணம் கட்ட வேண்டியிருந்ததால் பயந்தார்கள். அப்போது பெண்களிடம் போய்ப் பேசியவர்களும் பெண்களே. 1910இல் வெக்ஸ்ஃபோர்டு பகுதியின் பிரீ என்ற ஊரில் தொடங்கி, 1935இல் அயர்லாந்து நாட்டுப்புறப் பெண்கள் சங்கம் என்று பெயர் மாறிய அமைப்பு, மின்னடுப்பும் குழாய் நீரும் உள்ள சமையலறை எப்படி இருக்கும் என்று ஊர் ஊராகக் காட்டியது. ஓர் ஊரில் இணைப்பு வாங்கிய பெண், இன்னும் இருட்டில் இருக்கும் பக்கத்துப் பங்குத் தங்கையிடம், இஸ்திரிப் பெட்டியைக் கணப்பில் வைத்துச் சூடேற்ற வேண்டியதில்லை என்று சொல்வதைவிட வலுவான விளம்பரம் எதுவும் இருந்திருக்க முடியாது.

தண்ணீர் இன்னும் தாமதம். வாளியைத் தூக்கிக்கொண்டு கிணற்றுக்குப் போனது பெண்கள். குழாய் நீர் வந்தால் சொத்து வரி ஏறும் என்று தயங்கியது ஆண்கள் நடத்திய விவசாய அமைப்புகள். அந்தப் பெண்கள் சங்கம் தண்ணீருக்காகப் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது.

தொலைபேசி பற்றி: இன்று அக்காளும் தங்கையும் மணிக்கணக்கில் மனம் விட்டுப் பேசுவது புதிய வசதி. 1970களில் இணைப்புக்கு விண்ணப்பித்தால் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கிடைத்த பிறகும் பல ஊர்களில் அழைப்பு அஞ்சலகத்து அம்மையாரின் கைவழியாகத்தான் போகும். அவர் கேட்கிறார் என்ற நினைவோடே பேசுவார்கள். நாட்டின் கடைசிக் கைமுறை இணைப்பகம், கிளேர் பகுதியின் மவுண்ட்ஷானனில், 1987இல்தான் மூடப்பட்டது. கடிதத்தை ஊரே கேட்டது என்று கலங்கரை சொன்னது தொலைபேசிக்கும் அதுவரை பொருந்தும்.

பகல்பணி எழுதியது:

நான் ரோஸ்காமன் பகுதியில் முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் செவிலியாக இருக்கிறேன். சென்னையில் படித்து இங்கே வந்தவள். எங்கள் இல்லத்தில் பார்வையாளர் பதிவேட்டைப் புரட்டினால் இந்த இழையில் பேசப்படுவது கண்முன் வரும்: கையெழுத்துகளில் மிகுதி சகோதரிகளுடையவை. மணமாகாத ஆண்களைப் பார்க்க வருபவர்கள் பெரும்பாலும் சகோதரிகளும் அவர்களுடைய மகள்களுமே. வந்து உட்கார்ந்தவுடன் உள்ளூர்ச் செய்தித்தாளைப் பிரித்துக் கால்நடைச் சந்தை விலையை வாசித்துக் காட்டுவார்கள். நினைவு மங்கிய ஒருவர், தம் பெயரைக் கேட்டால் திகைப்பவர், தம் வயலின் பெயரைச் சகோதரி சொன்னவுடன் அதன் வாய்க்கால் எங்கே உடைகிறது என்று சொல்வதை நான் கேட்டிருக்கிறேன்.

இங்கே வரும்போது நிலம் பற்றிய பேச்சும் கூடவே வரும். 2009இல் வந்த ஃபேர் டீல் என்ற அரசுத் திட்டத்தில், இல்லத்தில் சேருபவர் தம் வருமானத்தில் 80 சதவீதமும், சொத்து மதிப்பில் ஆண்டுக்கு 7.5 சதவீதமும் கட்ட வேண்டும். மிச்சத்தை அரசு ஏற்கும். குடியிருந்த வீட்டுக்கு இது மூன்று ஆண்டோடு நின்றுவிடும். பண்ணை நிலத்துக்கோ, சில விதிவிலக்குகள் தவிர, அப்படி எல்லை இல்லாமல் இருந்தது. பத்து ஆண்டு படுக்கையில் கிடந்தால் நிலத்தின் முக்கால் பங்கு கணக்கில் போய்விடும். 2021 அக்டோபரில்தான், பண்ணையை ஏற்று ஆறு ஆண்டு நடத்த ஒப்புக்கொள்ளும் வாரிசு இருந்தால் மூன்று ஆண்டு எல்லை பண்ணைக்கும் பொருந்தும் என்ற சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. பிள்ளையில்லாத சகோதரரின் நிலத்துக்கு அந்த வாரிசு யார்? எந்த மருமகன் மாட்டுக் கொட்டிலில் நிற்கக்கூடியவன், எவன் சிட்னியிலிருந்து திரும்பமாட்டான் என்பதெல்லாம் சகோதரிகளுக்குத்தான் தெரியும். அவர்கள் பேசி முடித்த பிறகே வழக்கறிஞரிடம் போகிறார்கள். இத்தனைக்கும் 2020 கணக்கெடுப்பின்படி அந்நாட்டுப் பண்ணைகளில் பெண்கள் பெயரில் இருப்பவை 13 சதவீதம்தான். நிலத்தைப் பற்றி முடிவெடுக்கும் அறிவு ஒருவரிடமும் பத்திரம் இன்னொருவரிடமும் இருப்பதை நான் நியாயம் என்று ஏற்க முடியவில்லை.

கொரோனா காலத்தை எழுதாமல் இருக்க முடியாது. 2020 மார்ச் 27 முதல் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் போகக் கூடாது. எழுபது வயதைத் தாண்டியவர்கள் வெளியே வரவே கூடாது. மூன்று மைல் தள்ளியிருந்த அக்காளும் தங்கையும் ஒருவரையொருவர் பார்க்க முடியவில்லை. எங்கள் இல்லத்துக்குள் யாரும் வரவில்லை. சன்னலுக்கு வெளியே நின்று பேசினார்கள். அடக்கத்துக்குப் பத்துப் பேர்தான். ஊரார் தங்கள் வீட்டு வாசலிலும் சாலையோரத்திலும் இடைவெளி விட்டு நின்று, சவ ஊர்தி கடந்து போகும்வரை தலை தாழ்த்தி நின்றார்கள். அந்த மாதங்களில் இல்லத்துத் தொலைபேசியைப் படுக்கை படுக்கையாகக் கொண்டுபோய்க் காதில் வைத்துப் பிடித்திருப்பது எங்கள் வேலைகளில் ஒன்றாக இருந்தது. மறுமுனையில் பெரும்பாலும் ஒரு சகோதரி, வழக்கம்போல, யார் இறந்தார், எந்தப் பசு கன்று போட்டது என்று சொல்லிக்கொண்டிருப்பார். அழுகையை அடக்கிக்கொண்டு அதே வரிசையில் சொன்னார்கள்.

புதுவரவு எழுதியது:

மன்னிக்கவும், இழையின் நடுவே ஒரு கேள்வி. நாங்கள் லீட்ரிம் பகுதிக்கு வேலை மாற்றலாகி வந்திருக்கிறோம். அடுத்த வீட்டு அம்மையார் எங்கள் குழந்தையிடம் மிகுந்த அன்பு காட்டுபவர். அவருடைய தமக்கை நேற்று இறந்துவிட்டதாகத் தெரிகிறது. இறந்தவரை நாங்கள் பார்த்ததே இல்லை. துக்கம் விசாரிக்கப் போகலாமா? போனால் என்ன சொல்ல வேண்டும், என்ன கொண்டுபோக வேண்டும்? இங்குள்ள முறை தெரியாமல் அவரைப் புண்படுத்திவிடக் கூடாது.

மேற்குக்கரை எழுதியது:

கட்டாயம் போங்கள். இறந்தவரைத் தெரியாது என்பது இங்கே ஒரு தடையே இல்லை. உயிரோடு இருப்பவருக்காகத்தான் போகிறோம்.

முதலில் ஆர்ஐபி.ஐஇ (RIP.ie) என்ற தளத்தில் இறப்பு அறிவிப்பைப் பாருங்கள். 2005இலிருந்து ஊரே அதைத்தான் பார்க்கிறது. உடல் எங்கே, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை வைக்கப்பட்டிருக்கும், திருப்பலி எந்தக் கோவிலில் என்பதெல்லாம் அதில் இருக்கும். வீடு குடும்பத்தாருக்கு மட்டும் என்று குறிப்பிட்டிருந்தால் வீட்டுக்குப் போகாமல் சவ இல்லத்துக்கோ கோவிலுக்கோ போக வேண்டும். அடக்கம் பெரும்பாலும் இரண்டு மூன்று நாட்களுக்குள் முடிந்துவிடும் என்பதால் தாமதிக்க வேண்டாம். அறிவிப்பில் உடன்பிறந்தோரின் பெயரும், வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஊர்ப்பெயரும் போட்டிருப்பார்கள். அதைப் படித்துவிட்டுப் போனால் யார் யார் வந்து நிற்கிறார்கள் என்பது புரியும். இங்கிலாந்திலிருந்து வரும் சகோதரிகள் மேயோவின் நாக் விமான நிலையத்தில் இறங்கி நேராக வருவார்கள். 1986இல் அருட்தந்தை ஜேம்ஸ் ஹோரன் பிடிவாதமாக நின்று அந்த விமான நிலையத்தைத் திறக்கும்வரை, மேற்கு அயர்லாந்தின் பெண்களுக்கு வேல்ஸின் ஹோலிஹெட் துறைமுகத்துக் கப்பலும் இரவு ரயிலும்தான் கதி. பலர் அடக்கம் முடிந்த பிறகே வந்து சேர்ந்தார்கள். வர முடியாதவர்கள் கோவிலின் நேரலையில் பார்ப்பார்கள்.

உள்ளே போனதும் வரிசையாக அமர்ந்திருக்கும் உறவினர் ஒவ்வொருவருக்கும் கைகொடுத்து, உங்கள் துயரத்துக்கு வருந்துகிறேன் என்ற ஒரு வரியைச் சொன்னால் போதும். எல்லோரும் அதையே சொல்வார்கள். புதிதாக எதுவும் யோசிக்க வேண்டாம். அடுத்த வீட்டு அம்மையாரிடம் மட்டும், உங்கள் தமக்கையைப் பற்றி நீங்கள் சொன்ன இன்ன செய்தி எனக்கு நினைவிருக்கிறது என்று ஒன்றைச் சேர்த்துச் சொல்லுங்கள். பெட்டியருகே ஒரு நிமிடம் நின்றால் நன்று. செபம் தெரியாவிட்டாலும் யாரும் தவறாக எண்ணமாட்டார்கள். குழந்தையை அழைத்துப் போகலாம். இங்கே சாவு வீட்டில் குழந்தைகள் இருப்பது இயல்பு. தேநீர் கொடுத்தால் மறுக்காதீர்கள். வீட்டில் துக்கம் விசாரிக்கிறார்கள் என்றால், சாண்ட்விச் தட்டோ ஒரு கேக்கோ கொண்டுபோகலாம். பாத்திரத்தின் அடியில் உங்கள் பெயரை ஒட்டிவிடுங்கள், இல்லையேல் அது எந்த வீட்டுக்குப் போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது.

அடக்கத்தோடு நின்றுவிடாதீர்கள். ஒரு மாதம் கழித்து நினைவுத் திருப்பலி நடக்கும். நேரத்தைப் பங்கு அறிவிப்புத் தாளில் பாருங்கள், வாய்ப்பிருந்தால் போங்கள். அதைவிட முக்கியமானது, அவர் தமக்கையோடு எந்த நேரத்தில் பேசுவது வழக்கம் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால், அந்த நேரத்தில் அவ்வப்போது கதவைத் தட்டுங்கள். ரேடியோவில் யார் பெயர் வாசித்தார்கள் என்று நீங்களே கேளுங்கள்; அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று அவர் இருப்பார்.

பகல்பணி எழுதியது:

மேற்குக்கரை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஜனவரி 6ஆம் நாளைப் பெண்களின் கிறிஸ்துமஸ் என்பார்கள். கார்க், கெர்ரி பகுதிகளில் அது மிகவும் வலுவாக இருந்த வழக்கம். இப்போது மற்ற இடங்களிலும் கொண்டாடுகிறார்கள். அன்று வீட்டு வேலையை ஆண்கள் பார்க்க, பெண்கள் தங்கள் சகோதரிகளோடும் தோழிகளோடும் வெளியே போய் உட்கார்ந்து பேசுவார்கள். இழப்புக்குப் பின் வரும் முதல் ஜனவரி 6 அவருக்குக் கடினமாக இருக்கும். அன்று மாலை அவரைத் தேநீருக்கு அழைக்க முடியுமா என்று பாருங்கள். டிசம்பரிலேயே சொல்லி வைத்துவிடுங்கள், இல்லையேல் வேறு உறவினர் வீட்டுக்குப் போக வேண்டுமோ என்று அவருக்குச் சங்கடமாகிவிடும்.

புதுவரவு எழுதியது:

இருவருக்கும் நன்றி. அறிவிப்பைப் பார்த்தேன், நாளை மாலை நான்கு மணி முதல் ஏழு மணி வரை வீட்டிலேயே வைத்திருக்கிறார்கள், எல்லோரும் வரலாம் என்று போட்டிருக்கிறது. குழந்தையையும் அழைத்துக்கொண்டு ஐந்து மணிக்குப் போகிறோம். கேக் இன்று இரவே செய்துவிடுகிறேன்.